வார்திஸ் தின்னாத கோதுமை

ஸ்பிலியாரி மலையூரில் செத்தவர்களுக்குக் கோதுமை வேக வைப்பது ரொதாந்தியின் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை, கைப்பக்குவம் அப்படி. அவள் வைத்தால் குழையாது, வெடிக்காது, முத்து முத்தாக நிற்கும். அதில் மாதுளையும் உலர்ந்த திராட்சையும் பாதாமும் கலந்து மேலே சர்க்கரை தூவுவாள். கோவிலில் பாதிரியார் ஓதி முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி உள்ளங்கையில் வாங்கி, "ஆண்டவர் அவங்களை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கிரீட் தீவு முழுக்க இதுதான் வழக்கம். ஸ்பிலியாரியில் கூடுதலாக ஒன்று சொல்வார்கள். செத்தவனின் ரத்தத்துக்குக் காரணமானவன் அந்தக் கோதுமையைத் தின்றால் அது தொண்டையிலேயே நின்று ஆளை முடித்துவிடும். அதைத் தரையில் எறியவும் கூடாது. மிதிபட்டால் வம்சத்துக்கே பாவம்.

இருபத்து மூன்று வயதில் விதவையாகிக் கறுப்பு உடுத்தியவள் ரொதாந்தி. ஜெர்மன்காரர்கள் ஊரை வளைத்த அன்று ஆண்களை எல்லாம் கோவில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பிறகு தலையில் சாக்கு மாட்டிய ஒருவனைக் கூட்டி வந்தார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் வாயே திறக்கவில்லை, நடந்துகொண்டே விரலை நீட்டினான். விரல் நீண்ட ஏழு பேரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதில் ஒருவன் அவள் கணவன் மானூசோஸ். மகன் யாக்கூமிஸ் அப்போது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான்.

சண்டை முடிந்து பதினேழு வருஷம் ஆகியும் சாக்குக்காரன் யாரென்று தெரியவில்லை. மானூசோஸின் அண்ணன் சீஃபிஸ், யாரோ சொன்னதைக் கேட்டு, கீழூர் மாவுமில்காரன் ஒருவனைச் சுட்டுவிட்டு ஜெயிலுக்குப் போய், சில வருஷத்துக்கு முன்புதான் திரும்பியிருந்தான். அந்த மில்காரன் சம்பவத்தன்று கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு பாவமும் அறியாதவன் போய்ச் சேர்ந்தான். சாக்குக்காரன் எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் கையில மாட்டினா என்ன பண்ணுவ ரொதாந்தி?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"துப்பாக்கியெல்லாம் எதுக்கு? எனக்குப் பல்லு இருக்கு" என்பாள்.

அவளுடைய பயம் ஒன்றே ஒன்றுதான். அப்பனின் ரத்தத்துக்கு மகன் பழி வாங்க வேண்டும் என்பது இந்த மலையின் சட்டம். யாக்கூமிஸ் வடக்கே பட்டாளத்தில் இருந்தான். வந்ததும் வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போவதாக இருந்தான். சாக்குக்காரன் பெயர் வெளியே வந்தால், சீஃபிஸே பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பையன் கையில் கொடுத்துவிடுவான். சுடாமல் வந்தால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, சுட்டால் ஜெயில். அவள் சாக்குக்காரனைத் தேடினாள். ஆனால் தனக்கு மட்டுமே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடினாள்.

வேண்டுதல் பலித்தது. அப்படிப் பலித்திருக்க வேண்டாம்.

அவளுடைய அப்பா வார்திஸ் அவள் வீட்டில்தான் இருந்தார். ஊரில் அவருக்கு ராஜ மரியாதை. சம்பவத்தன்று ஆட்டுமந்தையோடு மலைமேல் இருந்ததால் தப்பித்தவர், அதற்குப்பின் துப்பாக்கி தூக்கி ஜெர்மன்காரர்களோடு மோதியவர் என்று பெயர். ஏழு பேரின் நினைவு நாளில் முதல் பிடி கோதுமை அவர் கையில்தான் விழும். மீசை துடிக்க, கண் கலங்க, "ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்பார். பார்க்கிறவர்கள் அழுதுவிடுவார்கள்.

அந்த வருஷம் நினைவு நாள் முடிந்த மறுநாள் ரொதாந்தி துணி துவைக்க உட்கார்ந்தாள். அப்பா இடுப்பில் சுற்றும் நீளத் துணியை உதறியபோது மடிப்பிலிருந்து கோதுமை கொட்டியது. அவள் வேக வைத்த கோதுமை, சர்க்கரை ஒட்டியபடி. வயசாச்சு, மறந்துட்டாரு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மறந்தவர் அதை இத்தனை பத்திரமாக ஏன் முடிந்து வைக்க வேண்டும்? எழுந்து போய், துவைக்காமல் மாட்டி வைக்கும் அவருடைய திருவிழா மேலங்கியை எடுத்தாள். உட்துணியில் ஒரு பக்கம் தையல் பிரிந்திருந்தது. உள்ளே கை விட்டால் காய்ந்து கல்லான கோதுமை. எலி கொறித்தது, பூச்சி அரித்தது, பொடியாகிப்போனது என்று வருஷ வருஷத்துக் கோதுமை பல பிடி இருந்தது.

தின்னப் பயம், எறியவும் பயம். ஏழு உயிரைக் காட்டிக் கொடுக்க நடுங்காத கை, ஒரு பிடி கோதுமையைத் தரையில் போட நடுங்கியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன், பருக்கையை மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

ரொதாந்தி துணியைத் துவைத்து முடித்துக் காயப்போட்டாள். மத்தியானம் அப்பா மேஜையில் வந்து உட்கார்ந்ததும், ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் பதிலாக மிச்சமிருந்த கோதுமையை ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்கப்பா."

"என்னம்மா இது, நேத்துதானே சாப்பிட்டேன்."

"நேத்து எங்க சாப்பிட்டீங்க? இடுப்பில இல்ல இருந்துச்சு."

வார்திஸ் கிண்ணத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"ஒரு வாய். மானூசோஸ் பேரைச் சொல்லி ஒரே ஒரு வாய். ஒண்ணுமில்லன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

அவர் கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "கனாகிஸ் அவங்க கையில இருந்தான்" என்றார்.

கனாகிஸ் அவளுடைய தம்பி. அந்தச் சமயத்தில் ஜெர்மன்காரர்கள் சிறையில் இருந்தான். திடீரென்று விட்டுவிட்டார்கள். புனிதர் செய்த அற்புதம் என்று அம்மா வெள்ளி விளக்கு வாங்கி வைத்தாள். இப்போது பிரேயஸ் துறைமுகத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான்.

"அவனை நாளைக்குச் சுடப்போறோம்னாங்க. ஆளைக் காட்டு, பையனைக் கூட்டிட்டுப் போன்னாங்க. பெத்தவன் நான் வேற என்னம்மா பண்ணுவேன்?"

"என் புருஷன்?"

வார்திஸ் மேஜையிலிருந்து எழப் பார்த்தார்.

"அவரு காட்டுக்குப் போனவரு இல்ல, துப்பாக்கி பிடிச்சவரு இல்ல. உன் ஆட்டுக்குப் பிரசவம் பாத்தவரு. அவரை ஏன் காட்டின?"

அன்றோடு 'நீங்க' போய்விட்டது. வார்திஸ் அதைக் கவனித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நம்ம வீட்டுல ஒருத்தரும் போகலன்னா ஊரு என்னைத்தானே சந்தேகப்படும்."

ரொதாந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வேலியே பயிரை மேய்ந்தது மட்டுமில்லை, மேய்ந்த தடம் தெரியாமலிருக்க அவள் தாலியை எடுத்துத் தடத்தின்மேல் போட்டிருக்கிறது. அந்த நிமிஷமே அவர் கழுத்தை நெரித்திருப்பாள். சாவு அவருக்குச் சலுகை என்று தோன்றியதால் விட்டாள்.

"மில்காரன் பேரைச் சீஃபிஸ் காதுல போட்டதும் நீதானே?"

வார்திஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

மழைக்காலம் தொடங்கியதும் வார்திஸின் நெஞ்சில் சளி கட்டி ஆள் படுத்துவிட்டார். மருத்துவர் வந்து பார்த்து, பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் வசந்தம் வரை இழுக்கும் என்றார். ரொதாந்தி பார்த்துக்கொண்டாள். ஆட்டுப்பாலில் தேன் விட்டுக் கொடுத்தாள், கோழிச்சாறு வைத்தாள், நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்தாள். அவர் சாப்பிட மறுத்த நாளில் மூக்கைப் பிடித்து ஊட்டினாள்.

"என்னை விட்டுடு, செத்துப்போறேன்."

"அவசரமா? அங்க உன்னை வரவேற்க ஏழு பேரு நிக்கிறாங்க. ஓடியா போயிடுவாங்க? இரு."

பிறகு விதவைகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். முதலில் வந்தவள் ஸாம்பியா. கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வார்திஸ் மாமா, நீங்க இருந்ததாலதான் எங்களுக்குத் தைரியம். என் வீட்டுக்காரரு உங்களை அப்பான்னுதான் சொல்லுவாரு. கடைசியா சுவரோரம் நிக்கும்போதுகூட, வார்திஸ் மலையில இருக்காரு, அவரு விடமாட்டாருன்னு கத்தினாராம்."

அதைச் சாக்குக்குள்ளிருந்து கேட்டவர் கையை உருவப் பார்த்தார். ஸாம்பியா விடவில்லை. ரொதாந்தி அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "இன்னும் சொல்லுங்க அக்கா, அப்பாவுக்கு இதையெல்லாம் கேட்டாத்தான் தூக்கம் வருது" என்றாள்.

அடுத்த வாரம் இன்னொருத்தி, அதற்கடுத்து இன்னொருத்தி. செத்தவனுக்குப் பிடித்த பாட்டு, கல்யாணத்தன்று ஆடிய ஆட்டம், பிறந்து அப்பனைப் பார்க்காத பிள்ளை என்று எல்லாவற்றையும் அவர் காதில் ஊற்றினார்கள். பெற்றவனை இப்படித் தாங்குகிற பெண் எந்த ஊரில் உண்டு என்று எல்லோரும் மெச்சினார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். குவளையைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்திலேயே நின்றாள்.

வார்திஸ் லேசுப்பட்டவர் இல்லை. யாக்கூமிஸ் பட்டாளத்திலிருந்து வரப்போகும் செய்தி தெரிந்ததும் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய தெம்பு வந்திருந்தது.

"இனிமே ஒருத்தியும் இந்த வாசல்படி ஏறக்கூடாது."

"ஏறினா?"

"பேரன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். அவன் வழக்கப்படி செய்வான். எனக்கு ஒரு குண்டு, முடிஞ்சுது கதை. உன் பையன் ஜெயில்ல கிடப்பான். வாத்தியார் வேலையா? தாத்தாவைக் கொன்னவனை எவன் வாத்தியாரா வச்சுக்குவான்?"

பதினேழு வருஷமாக ரொதாந்தி எதற்குப் பயந்தாளோ அதையே கத்தியாகத் தீட்டிக் கையில் வைத்திருக்கிறார். ஒரு பிள்ளையை மீட்க ஏழு உயிரைக் கொளுத்தியவருக்கு, கூட இன்னொரு பிள்ளையைக் கொளுத்துவது பெரிய காரியமா? அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். போர்வையைச் சரிசெய்தாள்.

"சொல்லு. தாராளமா சொல்லு" என்றாள். "ஆனா நீ என் பையன்கிட்ட வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் சீஃபிஸ்கிட்ட போயிடுவேன். கனாகிஸ் பிரேயஸ்ல எந்தத் தெருவுல இருக்கான், எத்தனை மணிக்கு வேலைக்குப் போறான், எல்லாம் சொல்லுவேன். செத்துக்கிட்டிருக்கிற கிழவனைச் சுட்டு சீஃபிஸுக்கு என்ன வரப்போகுது? ஏழு பேரைக் கொடுத்து வாங்கின உசிரு எங்க இருக்கோ, அங்கதான் போவான்."

"அவன் உன் தம்பிடி!"

"மானூசோஸ் உன் மருமகன்."

வார்திஸ் அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். சும்மா மிரட்டுகிறாள் என்று தோன்ற ஒரு இடமாவது கிடைக்காதா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. அவள் உண்மையிலேயே செய்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லும்போது கண் இமைக்கவில்லை. அவருடைய மகள் அல்லவா. அவர் மெதுவாகப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை யாக்கூமிஸ் வந்தான். அப்பன் உயரம், அப்பன் தோள். மூட்டையை வாசலில் போட்டுவிட்டு நேரே தாத்தா கட்டிலுக்குப் போய் மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டான்.

"தாத்தா, பட்டாளத்துல படுத்துக்கிட்டே யோசிப்பேன். எங்க அப்பா முகமே எனக்கு ஞாபகமில்ல. நீங்க அவரைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

அடுப்படியில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த ரொதாந்தியின் கை நின்றது. வார்திஸ் வாயைத் திறந்தார். பேரன் தலைக்கு மேலாக மகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"முதல் நாள்" என்றார். "மலைக்குப் போற வழியில. நல்ல பையன்டா உங்கப்பன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா அவரு?"

"போயிட்டு வாங்க மாமான்னான்."

கிழவர் கண்ணில் நீர் வழிந்தது. யாக்கூமிஸ் அதைப் பாசம் என்று நினைத்துத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். அப்போது வாசலில், "வீட்டுல யாரு?" என்று குரல் கேட்டது. அதூசாக் கிழவி பாலாடைக்கட்டி அடையைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரோரம் புருஷனையும் மூத்த மகனையும் ஒன்றாக இழந்தவள் அவள்.

"வாங்க அத்தை, உள்ள வாங்க" என்றாள் ரொதாந்தி. "அப்பா உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்காரு."

வார்திஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரொதாந்தி அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி, கிழவிக்கு முகம் நன்றாகத் தெரியும்படி தலைக்கு இன்னொரு தலையணை வைத்தாள்.