விசிலுக்கு மேலே யார்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. பெரிய மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் இரைச்சலில் பேர் சொன்னால் யார் காதில் விழும்? அவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள். அந்தக் கோடியில் துணி மடிக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்குப் பேரும் விசில் என்றே நிலைத்துவிட்டது. அது அப்பா வழியில் வந்த சொத்து. அப்பாவும் அப்பாவின் அண்ணன்மாரும் லாரி ஓட்டியவர்கள், பேசிக்கொள்வதே பாதி விசிலில்தான். அம்மா வழியில் வந்தது வாய். அம்மாவின் சித்தி ஒருத்தி கண் டாக்டரையே பார்த்து, “உங்க கண்ணாடி கோணலா இருக்கு, முதல்ல அதைச் சரி பண்ணிக்கோங்க” என்றவள். இந்த இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தவள்தான் விசில்.

புருஷன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். சாது. ஏறு என்றால் ஏறுவார், இறங்கு என்றால் இறங்குவார், வீட்டிலும் அப்படியே. அவருடைய தாய்மாமன் அங்கே ஸ்டோர்கீப்பர். விசிலுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அந்த மாமாதான். அதை அவள் மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “நான் மட்டும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலேன்னா...” என்று ஆரம்பிப்பார். முடிக்கமாட்டார். முடிக்காமல் விட்டால்தானே அடுத்த தடவை மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஈரத்துணியை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து விசிலுக்கு வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கித் தலைசீவ முடியாது, மகள்தான் சீவிவிடுவாள். “இனிமே கனம் இழுக்காதம்மா, இழுத்தா கை உனக்கு இல்ல” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சலவைக்கூடத்தில் கனம் இழுக்காத வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு, சூப்பர்வைசர் வேலை. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த நாற்காலி காலி. மேற்பார்வைப் படிப்பு முடித்தவருக்கே அது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இந்த வருஷத்துக்குள் உள்ளே இருக்கிறவர் யாரும் முடிக்காவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்களாம்.

அதனால் அவள் கல்லூரிக்குப் போனாள், சாயங்கால வகுப்புக்கு. பெஞ்சுகள் ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டவை, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தவை, முழங்கால் இடிக்கும். பக்கத்தில் ஒரு பேக்கரி மாஸ்டர், பின்னால் ஒரு வாட்ச்மேன். வாத்தியாருக்கு வயசு இவளுடைய கடைசித் தம்பியை விடக் குறைவு, ஆனால் பொறுமைசாலி. பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து கோடு இழுத்துக் காட்டுவார். மேலே ஒரு கட்டம், கீழே இரண்டு, அதற்குக் கீழே நாலு.

“ஒரு ஆளுக்கு மேலே ஒரு கோடுதான் போகணும். ரெண்டு பேர் உத்தரவு போட்டா வேலை கெட்டுடும். இதுதான் முதல் பாடம்.”

அவரவர் வேலையிடத்தை வரையச் சொன்னார். விசில் தன்னை ஒரு கட்டமாகப் போட்டுக்கொண்டு மேலே மூன்று கோடு இழுத்தாள். ஒன்று வார்டுகளைப் பார்க்கும் பெரிய சிஸ்டருக்கு, ஒன்று பாய்லரையும் மெஷினையும் பார்க்கும் இன்ஜினியருக்கு, ஒன்று ஸ்டோர்கீப்பர் மாமாவுக்கு.

வாத்தியார் பார்த்துச் சிரித்தார். “இது என்னம்மா, சிலந்தி மாதிரி?”

“சிலந்திக்கு அது பின்னின வலையாவது சொந்தம் சார். எனக்கு அதுவும் இல்ல.”

“உங்களுது எப்படிங்க?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“எனக்கு மேல யாருமே இல்ல சார். கொசு மட்டும்தான்.”

வகுப்பே சிரித்தது. விசிலுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், வாத்தியார் அடுத்துச் சொன்னது. கடைசித் தேர்வுக்கு அவரவர் மேலதிகாரி ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவர் முன்னால் கேள்வி கேட்பார்கள், அவரையும் கேட்பார்கள். அவர் வராவிட்டால் தேர்வு இல்லை, அடுத்த வருஷம்தான்.

“மூணு பேரையும் கூட்டிட்டு வரலாமா சார்?”

“ஒருத்தர்தாம்மா. யார் உங்களுக்கு மேலேன்னு முதல்ல கேட்டுத் தெளிவு பண்ணிக்கோங்க.”

கேட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைச் செய் இதைச் செய் என்று உயிரை வாங்குகிற பெரிய சிஸ்டர், “நானா? நான் நர்சிங் பக்கம்மா. சலவை எனக்குக் கீழேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன்னு வை, நாளைக்கு ஒரு போர்வை காணாமப் போனா என் தலையில விழும்” என்று நகர்ந்துவிட்டார்.

இன்ஜினியர் கையில் ஸ்பேனரோடு ஒரு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டினார். “மெஷின் என்னுது. மனுஷங்க என்னுது இல்ல.” தலை மறுபடி உள்ளே போய்விட்டது.

மாமாவிடம் வீட்டிலேயே கேட்டாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். “ஐயையோ, நான் வந்தா சொந்தக்காரப் பொண்ணைத் தூக்கிவிடுறான்னு ஊரே பேசும்மா.”

“அப்ப எனக்கு மேல யாரு மாமா?”

“அது நிர்வாகம் பார்த்துக்கும்.”

“நிர்வாகத்துக்குக் காலு இருக்கா மாமா, கூட்டிட்டுப் போறதுக்கு?”

புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். விசில் அன்றைக்குப் பாத்திரம் கழுவிய சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. உத்தரவு போட மூன்று வாய், தேர்வுக்கு வர ஒரு கால் இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தேர்வு நெருங்கிய ஒரு காலையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிதான் முதலில் என்றார் சிஸ்டர். அதைப் போடும் மெஷினை இப்போதே நிறுத்தி உள்ளே படிந்த உப்பைச் சுரண்ட வேண்டும் என்றார் இன்ஜினியர். மாமா, சரக்குக் கணக்குக்குப் போர்வைகள் முதலில் என்றார். விசில் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு விசில் அடித்தாள். மடிக்கிறவர்கள் கையை நிறுத்தினார்கள். மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. அவள் மடிப்பு மேஜை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு மேல யாருன்னு சொல்லுங்க. அவங்க சொல்றதை முதல்ல செய்யறேன்.”

“என்னடி இது விளையாட்டு?” என்றார் சிஸ்டர்.

“நீங்களா சிஸ்டர்?”

“நான் எதுக்கு? அவரைக் கேளு.”

“நீங்களா சார்?”

இன்ஜினியர் மாமாவைக் காட்டினார். மாமா சிஸ்டரைக் காட்டினார். ஆவிக் குழாய் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சுவரிலிருந்த போன் அடித்தது. பக்கத்தில் நின்றவர் மாமா, எடுத்தார். மறுமுனையில் ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரி. குரல் இங்கே வரை கேட்டது: தியேட்டருக்கு ஏன் துணி வரவில்லை, அங்கே பொறுப்பு யார்?

மாமாவுக்கு அதிகாரி குரல் கேட்டாலே முதுகு நேராகிவிடும். உள்ளே அடங்கிக் கிடந்த ஆசை வெளியே குதித்துவிட்டது.

“நான்தான் சார். எல்லாம் என் பொறுப்புதான். இதோ இப்பவே அனுப்பறேன் சார்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மூன்று முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சிஸ்டர் முகத்தில் பாரம் இறங்கிய நிம்மதி. இன்ஜினியர் அடுத்த நொடியே வாசலைத் தாண்டிவிட்டார்.

“அப்ப சனிக்கிழமை காலேஜுக்கு வந்துடுங்க மாமா” என்றாள் விசில், மேஜையிலிருந்து இறங்கிக்கொண்டே. “பச்சைத் துணி போடட்டுமா?”

“போடு, போடு” என்றார் மாமா.

சனிக்கிழமை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் பேனா. விசில் தன் வேலையை நன்றாகவே விளக்கினாள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்த ஆளை எங்கே நிறுத்துவது, அவசரம் வந்தால் எதைத் தள்ளிவைப்பது. பிறகு வாத்தியார் மாமாவைக் கேட்டார்: “இவங்க தானா எடுக்கிற முடிவு என்னென்ன?”

“ஒண்ணும் இல்ல சார். எல்லாம் என்னைக் கேட்டுத்தான் செய்யும். தங்கமான பொண்ணு.”

விசில் பெஞ்சுக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டாள். வாத்தியார் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மார்க் எழுதினார். தேறிவிட்டாள்.

நாற்காலி கிடைத்தது. தோளுக்கு விமோசனம். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? வாத்தியார் சொன்ன மாதிரியே அவளுக்கு மேலே ஒரே கோடு ஆகிவிட்டது. சிஸ்டருக்குத் துணி வேண்டுமென்றால், “உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன், அவர் சொல்லுவார்” என்பார். இன்ஜினியர் உப்பு சுரண்டவும் மாமாவின் தலையசைப்புக்குக் காத்திருப்பார். முன்பு மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தாலும் வேலை நகர்ந்தது. இப்போது எல்லாம் வந்து மாமாவின் ஸ்டோர் வாசலில் குவிந்தது. மாமாவோ ஒன்றைச் சொல்வதற்குள் டீயை இரண்டு தடவை ஆற்றுவார். அவளுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த பெருமையை வீட்டுக்கு வந்தும் பேசினார். “நான் மட்டும் அன்னைக்குக் காலேஜுக்கு வரலேன்னா...”

ஒரு நாள் தியேட்டருக்கு மறுபடி அவசரம். விசில் ஸ்டோர் வாசலில் நின்றாள்.

“மாமா, பச்சைத் துணி போடட்டுமா? போர்வையை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“இரும்மா. டீ குடிச்சிட்டு யோசிச்சுச் சொல்றேன்.”

அவர் டம்ளரைத் தூக்கினார், ஊதினார், இறக்கினார். அவள் கொஞ்ச நேரம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்து போய்ப் பச்சைத் துணியை மெஷினில் போடச் சொல்லிவிட்டாள்.

துணி பாதி சுற்று சுற்றியிருக்கும், மாமா வேர்த்து விறுவிறுத்து வந்தார். “யாரைக் கேட்டு ஓட்டினே?”

“உங்களைத்தான் கேட்டேன். ஊதும்போது தலை ஆடுச்சே மாமா. சரின்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டினோமா இல்லையா? மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மடிக்கிறவர்கள் துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

“அடுத்த தடவை வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் நில்லு” என்றார் கடைசியில்.

“சரி மாமா” என்றாள் விசில், பல்லைக் கடித்துக்கொண்டு. போர்வை மூட்டைகள் இன்னும் அவர் உத்தரவுக்காகக் கிடந்தன.