திருநீறு வைத்த கறுப்புக் கார்

சரக்... சரக்... என்று ஷெட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

அடுப்பில் டீ பொங்கி வருவதையும் மறந்து நர்மதா நின்றாள். உலர்ந்த துணி காரின் மேல் தேய்கிற சத்தம். மற்றவர்களுக்கு அது காதில்கூட விழாது. அவளுக்கோ யாரோ தன் முதுகில் நகத்தால் கீறுவதுபோல் இருக்கும்.

நர்மதா குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். டியூப்லைட்டுக்கு அடியில் சேலையைப் பிரித்துப் பிடித்து, அறுந்துபோன ஒற்றை இழையைக் கண்டுபிடித்து வளர்ந்த கண்கள் அவளுடையவை. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கோகுல்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒருநாள், தான் பெயின்ட் அடித்த லாரியிலேயே ஏறிப் போனவன் விபத்தில் சிக்கினான், வீடு திரும்பவில்லை. அவன் விட்டுப்போன பாலிஷ் மெஷினும் அந்தக் கண்களும்தான் அவளுக்கு மிஞ்சின. வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் கார்களுக்கு பாலிஷ் போடத் தொடங்கினாள். வெயில் பட்டால் காரின் மேல் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகத் தெரியுமே மெல்லிய கீறல்கள், அவற்றை அவள் சுழி என்பாள். சுழி எடுக்க அவளை விட்டால் ஆளில்லை என்று பெயர். அவள் கை பட்ட கார் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும் என்பார்கள்.

அந்தப் பெயருக்குத்தான் இன்று காலையில் ஆபத்து வந்திருந்தது. எருமப்பட்டி முட்டை வியாபாரி தீனதயாளன் தன் கறுப்புக் காரை ஷெட்டில் நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"ஏனுங்க, நீங்க பாலிஷ் போட்டு மூணு மாசங்கூட ஆகலீங்க. மறுக்கா வலை கட்டியிருக்குது பாருங்க. இது காரா, சிலந்திக் கூடா? மத்தியானம் வாரேன், காரணஞ் சொல்லுங்க. இல்லீன்னா எருமப்பட்டியிலிருந்து இனி ஒரு வண்டி இங்க வராது!"

மனைவி அனிதாவை அங்கேயே விட்டுவிட்டு அவர் கடைவீதிக்குப் போயிருந்தார்.

நர்மதா அடுப்பை அணைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினாள். அனிதா முந்தானையால் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேற்று வைத்த திருநீற்றுப் பட்டை பாதி அழிந்திருந்தது. இடது கையில் ஒரு பொட்டலம்.

"அம்மணி! என்ன பண்றே?"

"பழசத் தொடச்சுட்டுப் புதுசு வெக்கறனுங்க்கா. நெதமும் வெக்கறதுதான். இன்னிக்கு எங்கூட்டுக்காரரு அவசரப்படுத்துனதுல ஊட்டுல வெக்க முடியலீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "போன வருசம் வேலூர் போறப்ப லாரிக்காரன் இடிச்சுப்போட்டானுங்க. பழைய வண்டி நொறுங்கிப்போச்சு. அவிங்க பொழச்சு வந்ததே பெருசு. அதுலயிருந்து இந்த வண்டிக்குத் துன்னூறு வெக்காம வாசலத் தாண்ட உடறதில்லீங்க."

நர்மதா டார்ச்சை அடித்தாள். ஒளிக்குள் சுழிகள் எழுந்தன. எல்லாம் அந்தப் பட்டையைச் சுற்றித்தான். திருநீற்றுப் பொடியும் கோழிப்பண்ணைத் தூசியும் ஈரமில்லாத துணிக்கடியில் அரைபட்டு, நாளுக்கொரு வட்டமாக.

அவளுக்குக் கண் மயங்கியது. அது கார் இல்லை. கறுத்து அசையாமல் கிடக்கும் காவிரி. கரையில் ஒருத்தி தினமும் ஒரு வேண்டுதலைப் போடப் போட, அலை வட்டமாக விரிந்து விரிந்து போகிறது. அக்கரையில் பெயின்ட் படிந்த சட்டையோடு கோகுல்ராஜ் நிற்கிறான். ஒரு அலையும் அவனைத் தொடவில்லை.

"இதனாலதான் சுழி வருது, அம்மணி," என்றாள் மெதுவாக.

அனிதாவின் முகம் வெளுத்தது. "அவிங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க்கா. துன்னூறே வெக்காதேம்பாங்க. அப்பறம் வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கறவரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுங்க."

அந்தக் காத்திருப்பு நர்மதாவுக்குத் தெரியும்.

தீனதயாளன் வந்துவிட்டார். "என்னங்க, கண்டுபிடிச்சாச்சா?"

நர்மதா டார்ச்சை அணைத்தாள். "எம்மேலதாங்க தப்பு. போன வாட்டி மெஷின் பஞ்சுல மண்ணு ஒட்டியிருந்துச்சு. காசு வேண்டாங்க, மறுக்காப் போட்டுத் தாரேன்."

"கெணத்துத் தண்ணியாமா, கெணத்துத் தண்ணி! இதுக்கா இத்தன பேரு? சேறுன்னு சொல்லுங்க!"

நர்மதா தலைகுனிந்தாள். அனிதாவால் தாங்க முடியவில்லை.

"அவங்கள ஒண்ணுஞ் சொல்லாதீங்க! என் கைதானுங்க காரணம்." பொட்டலத்தை நீட்டினாள். அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னாள்.

தீனதயாளன் டார்ச்சை வாங்கி பானட்டின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அவர் விரல் போய்வந்தது.

"அடக் கிறுக்கி," என்றார். குரல் உடைந்திருந்தது. "சேலையும் பாழு, வண்டியும் பாழு." பிறகு நர்மதாவிடம் திரும்பினார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. மன்னிச்சுக்குங்க. எப்படித் தொடைக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. வெக்கறது அவ வெக்கட்டும். தொடைக்கறது இனி நானு."

"மொதல்ல தண்ணி ஊத்துங்க. துன்னூறு தானா ஓடிப்போகோணும். அப்பறம் நனைச்ச மெத்துத் துணியில நேரா ஒரு இழுப்பு. அழுத்தக் கூடாது, சுத்தக் கூடாதுங்க."

"முட்டையத் தொடைக்கற மாதிரிங்களா?"

"அதேதாங்க!"

அழுதுகொண்டிருந்த அனிதா சிரித்துவிட்டாள்.

அன்று பிற்பகல் முழுவதும் மெஷின் முனகியது. மூன்று மாதத்துப் பயம் வட்டம் வட்டமாகக் கரைந்துபோனது. கறுப்பு மேனியில் வேப்பமரமும் வானமும் தலைகீழாக மிதந்தன. அனிதா அதன் நடுவில் மூன்று வெள்ளைக் கீற்று இழுத்தாள். அப்படியே திரும்பி, மெஷினின் கைப்பிடியிலும் ஒன்று வைத்தாள்.

"போலாமா, அம்மணி?" என்றார் தீனதயாளன்.

கார் தெருமுனையில் திரும்பியது. அதன் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை நர்மதா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, ஷெட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.