மீன் வாடைக்கு ஒரு நட்சத்திரம்: திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம், ஒன்றரை நாள்

"தனியாக, பஸ்ஸில், ஒரே நாளில் போய்வருகிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்கள், முட்டிவலிக்காரர்களுக்கும் ஒத்துவர வேண்டும்" என்று மூன்று வாசகிகள் எழுதியிருந்தார்கள். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆண்டு விழாவுக்கு மறுநாள், ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடுமுறை கிடைத்தது. திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம் இரண்டையும் பார்த்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பதாகத் திட்டம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு வந்தேன், அதுவும் பள்ளிக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகாபலிபுரம் கரையோரப் பெண்களுக்கு மின்சார ஆட்டோ கொடுத்துத் தொழில்முனைவோர் ஆக்குகிறோம் என்று ஒரு பெரிய கம்பெனி பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் போட்டிருந்தது. நல்ல காரியம்தானே, ஏறிப் பார்த்து எழுதுவோம் என்று நினைத்தேன். கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஆட்டோ ஓட்டுநரின் பெயரையும் கம்பெனி ஆபீசில் பார்த்த பையனின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இந்தக் கரையில் கம்பெனிகளுக்கும் பஞ்சமில்லை, திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. யாருக்காவது கண்டுபிடிக்க ஆசை இருந்தால் தேடிக்கொள்ளட்டும்.

தாம்பரத்தில் காலை 6.05க்கு மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். செங்கல்பட்டில் 6.55க்கு இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்த்து 65 ரூபாய். காபியைத் தவிர்க்கலாம். 7.30 பஸ்ஸில் ஏறினால் பதினான்கு கிலோமீட்டர், நாற்பது நிமிஷத்தில் திருக்கழுக்குன்றம். மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி, வெறுங்காலோடு ஏற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள். மதியப் பூஜைக்குக் கழுகு வருமா என்று பூக்கடையில் கேட்காதீர்கள், அது வந்து பல வருஷமாகிறது, கேட்டுக் கேட்டு அந்தம்மா வெறுத்துப்போயிருக்கிறார். நான் ஏறி இறங்க இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆனது. இறங்கும்போது முட்டி தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டது.

11.20 பஸ்ஸைப் பிடித்து 12.05க்கு மகாபலிபுரம். பஸ் நிலையத்துக்கு வெளியே அந்த விளம்பர ஆட்டோ நின்றது. பச்சையும் வெள்ளையும், நான்கு பக்கமும் கம்பெனி பெயர். நாலு இடம், இரண்டரை மணி நேரம், 500 ரூபாய். நாலு இடத்தையும் நடந்தே பார்க்கலாம், மொத்தமே இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். என் முட்டி ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் ஏறினேன்.

ஓட்டுநர் கன்னியம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும். தெற்கே இருக்கும் மீனவக் குப்பங்களில் ஒன்றில் வீடு. "வெல்கம் மேடம்" என்று கைகூப்பினார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. ஏறி உட்கார்ந்ததுமே மீன் வாடை. அதன் மேல் பினாயில், அதற்கும் மேல் மல்லிகை வாசனைக் கட்டி. மூன்றும் சேர்ந்து மூக்கில் குத்தின. சீட் ஈரமாக இருந்தது. வண்டிக்குள் ஒரு ஸ்பீக்கர், அதில் செய்தி வாசிக்கிற தமிழில் ஒருவர் பல்லவர் வரலாறு சொல்கிறார். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை கம்பெனி செய்யும் தொண்டுகளையும் சொல்கிறார். கொஞ்சம் நிறுத்துங்களேன் என்றேன். "நிறுத்த முடியாது மேடம், பட்டனே வெக்கல" என்றார். அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நிற்கும்போது கூட அந்தக் குரல் விடவில்லை.

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் முடித்து (நுழைவுச் சீட்டு 40 ரூபாய், ஒரே சீட்டில் இரண்டும் பார்க்கலாம்) கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில், 2.10க்கு வண்டி நின்றுவிட்டது. சார்ஜ் இல்லை.

"இன்னா பண்றது மேடம், ராத்திரி கரண்டு கட்டு. பாதிதான் ஏறிகிது. காலைல வேற ஒரு சவாரி போய்ட்டு வந்துட்டேன்."

இருவரும் தள்ளினோம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவள் வண்டி தள்ளுகிறேன்! நூறு மீட்டர் தூரத்தில் கம்பெனி வைத்த சார்ஜ் பாயின்ட். அத்தனை ஆட்டோவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளக். முன்னால் ஒரு வண்டி நின்றது, நாற்பது நிமிஷமாகும் என்றார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. சீட்டுக்கு முன்னால் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. போனை எடுத்து ஸ்கேன் செய்து ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். "மீன் நாற்றம். சீட் ஈரம். சார்ஜ் இல்லை" என்று எழுதி அனுப்பியும் விட்டேன். மனசு கொஞ்சம் ஆறியது.

ஆறிய மனசோடு பேச்சுக் கொடுத்தேன். காலையில் என்ன சவாரி என்று கேட்டேன். கன்னியம்மா ஒரு நிமிஷம் என்னை அளந்து பார்த்தார். அப்புறம் மேடம் போய் அக்கா வந்தது.

"வெளில சொல்லாத க்கா. விடியக்காலம் எங்க குப்பத்துப் பொம்பளைங்க அஞ்சு பேரு மீன் கூடைய ஏத்திகினு திருக்கழுக்குன்றம் போவேன். பஸ்ஸுல லேடீஸுக்கு டிக்கெட் இல்ல, நெசந்தான். ஆனா கூடையப் பாத்தா நிறுத்தவே மாட்டான். முன்ன கரையிலயே வியாபாரி சொல்ற வெலைக்குக் குடுத்துட்டு வூட்டுக்குப் போய்டுவாங்க. இப்ப டவுன்ல அவங்களே குந்தி விக்கிறாங்க."

"நல்லதுதானே. ஏன் வெளியே சொல்லக் கூடாது?"

"இது டூரிஸ்ட் வண்டி. சரக்கு ஏத்தினா ரூல்ஸ் மீறினதாம். அதான் அதே கம்பெனில சரக்கு ஆட்டோ கேட்டு எழுதிப் போட்டுகீறேன். அது வந்துட்சின்னா பத்து பேரு கூடைய தாராளமா ஏத்தலாம், யாருக்கும் பயப்பட வேணாம். இந்த மாசக் கடைசில முடிவு. ஸ்டார் நாலரைக்கு மேல இருக்கணும், சரக்கு இருக்குதுன்னும் காட்டணும். ஆறு பேரு போட்டாங்க, எல்லாம் அஞ்சு."

மனக்கணக்குப் போட்டேன். ஆறு ஐந்து முப்பது, என்னுடையது ஒன்று. முப்பத்தொன்றை ஏழால் வகுத்தால் நாலு புள்ளி நாலு மூன்று. வகுத்து முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. கம்பெனியின் ஒருங்கிணைப்பாளர். வண்டியில் மீன் நாற்றம் என்று புகார் வந்திருக்கிறது, என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

"நான்தான்" என்றேன்.

கன்னியம்மா கத்தவில்லை. "வாயத் தொறந்து எங்கிட்ட சொல்லிகலாமே க்கா. எறங்கி வேற வண்டில போய்கலாமே" என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

சார்ஜ் ஏறியதும் நேராகக் கம்பெனி ஆபீசுக்கு விடச் சொன்னேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று கிலோமீட்டர், ஒரு மருந்துக் கடையின் மாடி. 3.35க்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியை அங்கே விட்டுவிட்டு வந்தால் அபராதம் போடுவார்கள் என்று கன்னியம்மா கீழேயே நின்றுவிட்டார். மாடியில் ஒருங்கிணைப்பாளர் தினேஷ், கழுத்தில் அடையாள அட்டை, இருபத்தாறு வயது இருக்கும். என் புகாரை அழித்துவிடுங்கள் என்றேன்.

"அழிக்க ஆப்ஷனே இல்ல மேடம். தவறுதலா குடுத்த புகார், இந்த ஆட்டோல மீன் ஏத்தலன்னு நீங்க எழுதிக் கையெழுத்து போட்டா க்ளோஸ் பண்ணலாம். ஸ்டாரும் கணக்குல வராது."

"அந்தம்மா மீன் ஏற்றுவதால்தான் ஐந்து குடும்பம் சொந்தமாக வியாபாரம் செய்கிறது. உங்கள் விளம்பரத்தில் போட்டிருப்பது இதுதானே? அதை எழுதுகிறேனே?"

"எனக்கும் தெரியும் மேடம். எங்கம்மாவே அந்தக் கூடைக்காரங்ககிட்டதான் சங்கரா மீன் வாங்கறாங்க. ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல."

இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் பொய் எழுதாதே என்று சொன்னவள், அந்தப் பொய்யை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கீழே இறங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் கன்னியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னா வேல பண்ணிகீற நீ? மீனே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா, சரக்கு ஆட்டோ எதுக்குன்னு கேப்பான்ல? சரக்கு இருக்குதுன்னு நான் எதைக் காட்டுவேன்? ஒரே பேஜாரா போச்சே!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சரக்கு இருப்பதாகக் காட்டினால்தான் சரக்கு வண்டி. இருக்கிற வண்டியில் சரக்கு ஏற்றக் கூடாது. பஸ்ஸும் ஏற்றாது. பிறகு எந்தப் புண்ணியவான் தலையில் ஏற்றிக் காட்டுவது? இதை ஒரு அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதியவருக்குச் சம்பளம் வேறு. சாலையோரம் நின்று பத்து நிமிஷம் இருவரும் மாறி மாறித் திட்டினோம். திட்டி ஓய்ந்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் எழுதியது ஆட்டோவில் மீன் இல்லை என்றுதான். கரையில் மீன் இல்லை என்று எழுதவில்லையே.

எனக்கு வயிற்றுவலி என்று தலைமை ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ், 900 ரூபாய். மின்விசிறிக்கு ஒரே வேகம்தான், அதுவும் வேகம் இல்லை. காலை ஐந்து மணிக்குக் கன்னியம்மா வந்து கூட்டிப் போனார். குப்பத்துப் பஸ் நிறுத்தத்தில் ஐந்து பெண்கள், ஐந்து கூடை. காரப்பொடி, சங்கரா, ஒரு கூடை நெத்திலி. 5.25க்குப் பஸ் வந்தது. ஐவரும் கை நீட்டினார்கள். ஓட்டுநர் கூடைகளைப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார். நான் படம் எடுத்தேன். கூடையோடு நிற்கும் ஐந்து பேர், அவர்களைத் தாண்டி ஓடும் பஸ்ஸின் பின்பக்கம், எல்லாம் ஒரே படத்தில் விழுந்தது.

அப்புறம் வழக்கம்போலக் கூடைகளும் இரண்டு பெண்களும் ஆட்டோவில் போனார்கள். மற்ற மூவரோடு நானும் வெறுங்கையாக நின்றேன். 5.50 பஸ் பவ்யமாக வந்து நின்றது. 6.35க்குத் திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது ஆட்டோவில் போனவர்கள் கடை விரித்திருந்தார்கள். எட்டே காலுக்கு நெத்திலிக் கூடை காலி. எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார், ஐந்து பேரும் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

அங்கிருந்து மறுபடி மகாபலிபுரம். 10.15க்குத் தினேஷின் மேஜையில் படத்தையும் கடிதத்தையும் வைத்தேன். கரையில் சரக்கு இருக்கிறது, பஸ் ஏற்றுவதில்லை, பயணி ஆட்டோவில் ஏற்ற விதி இடம் தருவதில்லை, ஆகவே சரக்கு வண்டி தேவை என்று நாலே வரி. அவன் இரண்டு முறை படித்தான். "கரெக்டா பொருந்துது மேடம்" என்று சிரித்து, விண்ணப்பத்தோடு சேர்த்து மேலே அனுப்பினான்.

மூன்று வாரம் கழித்துத் தினேஷ் கூப்பிட்டான். மேலிடத்துக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், வண்டி கிட்டத்தட்ட உறுதியாம். ஆனால் படத்தை விளம்பரத்துக்கும் போட நினைக்கிறார்கள், அதனால் மீன் தெரியாமல் வேண்டும், ஓடுகிற பஸ்ஸும் வேண்டாம், கம்பெனி போட்டோகிராபர் வருவார், கூடை மேல் கொஞ்சம் பூ பரப்பிவைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான். நான் போனிலேயே கத்தினேன். அவன் பாவம், "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம்" என்றான். சம்மதிக்காதே என்று சொல்லக் கன்னியம்மாவைக் கூப்பிட்டால், அதற்குள் ஐந்து கூடைக்கும் சாமந்தி சொல்லிவிட்டிருந்தார். போன மாதம் சரக்கு ஆட்டோ வந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மலையைப் பத்தரைக்குள் முடியுங்கள். மகாபலிபுரத்தில் முட்டி நன்றாக இருந்தால் நடந்தே பாருங்கள், இல்லாவிட்டால் பெண்கள் ஓட்டும் ஆட்டோவையே எடுங்கள், ஏறுவதற்கு முன்னால் சார்ஜ் எவ்வளவு என்று கேளுங்கள். குறை இருந்தால் முதலில் எதிரே இருக்கிற ஆளிடம் சொல்லுங்கள், க்யூஆர் கோடு எங்கேயும் ஓடிப்போகாது. எனக்கு இரண்டு நாளில் சாப்பாடு, பஸ், லாட்ஜ் எல்லாம் சேர்த்து 2,140 ரூபாய் ஆனது. நல்ல மீன் வேண்டுமென்றால் காலை எட்டுக்குள் திருக்கழுக்குன்றம் போங்கள், பையை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது ஒரு பெரிய விளம்பரப் பலகை கண்ணில் படலாம். ஐந்து பெண்கள், ஐந்து கூடை நிறையச் சாமந்தி, கீழே "பூ வணிகத்தில் புதுவாழ்வு கண்ட மீனவ மகளிர்" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்த அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் வியாபாரச் சத்தம், யாரோ சங்கரா என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தோம் க்கா, சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிட்சி. பூ விக்கிறோம்னு போட்டா போட்டுக்கட்டும், போ. இப்ப எட்டு பேரு கூடை ஏறுது. நீ வை, வியாபார நேரம்."