ஓ.டி. காசில் வந்த பிரியாணி

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் இரண்டு டெலிவரிக்காரர்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். வேறு வேறு ஆப், வேறு வேறு கலர் டி-ஷர்ட். கையில் இருந்தது மட்டும் ஒன்றுதான் — சிக்கன் பிரியாணி.

"இன்னாக்கா, ஒரே வூட்டுக்கு ரெண்டு ஆர்டரா? யார்னா விருந்தாளி வந்துகீறாங்களா?"

விருந்தாளியாவது ஒன்றாவது! ஒன்று, கம்பெனி பஸ்ஸில் வரும்போதே நான் ஆர்டர் பண்ணியது. இன்னொன்று, உள்ளே நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் செல்வம் ஆர்டர் பண்ணியது. அவர் தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்ப வேண்டாம் என்று நான் போன் பண்ணவில்லை. ஓ.டி., அதாவது ஓவர்டைம் வேலை முடிந்து பஸ்ஸில் அசந்து தூங்கிக்கொண்டு வருவாள் என்று அவர் போன் பண்ணவில்லை. எவ்வளவு பாசம் பாருங்கள்... பாசத்துக்கு டெலிவரி சார்ஜ் தனி.

நியாயமாகப் பார்த்தால் ஒரு சண்டை வந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அவர் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையேதான் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

ஒரகடத்தில் வண்டிக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில், குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். ஆனால் ஜெனரல் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு நான் வீட்டுக்குப் போய் எத்தனையோ நாளாகிறது. ஓ.டி. நிற்கிறேன். மகள் யாழினி இரண்டாம் வகுப்பு போகிறாள். அவள் ஸ்கூல் ஃபீஸுக்காகத்தான் ஓ.டி. — அப்படித்தான் ஆரம்பித்தது.

ஓ.டி. முடிந்து வருகிற பஸ்ஸை நீங்கள் பார்க்க வேண்டும். ஏறியவுடன் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒரகடம் ஜங்ஷன் தாண்டினதும் யாரும் எழுப்பாமலே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். போன் வெளிச்சம் வரிசையாக முகத்தில் அடிக்கும். அங்கே ஆர்டர் போட்டால்தான் நாம் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வீட்டுக்கு நடந்து போவதற்கும் பார்சல் வருவதற்கும் சரியாக இருக்கும். இந்தக் கணக்கில் மட்டும் எங்கள் பஸ்ஸில் ஒருவரும் தப்பு பண்ணியதில்லை.

நிறுத்தப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன். மறுநாள் பஸ்ஸிலேயே திரும்பப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து வைத்தேன். வியாழக்கிழமை புளித்துப்போய்க் கொட்டினேன். தோசை ஊற்ற மாவு இருந்தது, ஊற்ற ஆள் இல்லை.

இந்த இடத்தில் உங்களில் சிலர், முக்கியமாக ஆண்கள், 'ஒரு குக்கர் வைக்க எவ்வளவு நேரமாகும் மேடம்?' என்று எழுதப்போகிறீர்கள். நேரமே ஆகாதுங்க. ஆனால் அரிசி களைய அடுப்படியில் நிற்க வேண்டுமே... காலையிலிருந்து நின்ற காலுக்கு அது தெரியும். ருசிக்கு அடிமையாகி ஆர்டர் போடுகிறவர்கள் எங்கேயாவது இருக்கலாம். நான் போட்டதெல்லாம் களைப்பில் போட்டதுதான்.

ஆனாலும் ஒரு விஷயம் சுருக்கென்று குத்தியது. போன மாதம் அதிசயமாக ஒருநாள் பருப்புக் குழம்பு வைத்தேன். யாழினி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இது எந்தக் கடை?"

சிரித்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது அழுகை வந்துவிட்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பழைய பிரியாணியைக் கிளறிக்கொண்டே செல்வம் கேட்டார்.

"சுமதி, நீ ஓ.டி. நிக்காத அன்னிக்கு நம்ம வூட்டுக்குப் பார்சல் வந்துகீதா?"

யோசித்தேன். வந்த மாதிரி ஞாபகம் இல்லை.

"ஓ.டி. நின்னா டயர்டு. டயர்டுன்னா பார்சல். பார்சலுக்குத் துட்டு வோணும்னு திரும்ப ஓ.டி. இன்னாத்துக்கும்மா இந்தப் பாடு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதானே பார்த்தேன். நான் சீக்கிரம் வந்து ஆக்கிப் போடணும். அதுக்குத்தான இவ்ளோ சுத்தி வளைக்கிறீங்க?"

"நீ ஏன் ஆக்கணும்? நைட் ஷிஃப்ட் வாரத்துல சாயங்காலம் நான் வூட்லதான கீறேன். நான் ஆக்கறேன்."

"அப்ப ஆக்கி வைங்க. நான் ஓ.டி. முடிச்சே வந்து சாப்பிடறேன். ஃபீஸாவது மிஞ்சும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ உள்ள வர்ற, நான் வெளிய ஓடறேன். கடசியா மூணு பேரும் ஒண்ணா குந்தி துன்னது எப்பன்னு சொல்லு பாக்கலாம்? தனியா ஆக்கி தனியா துன்றதுக்குப் பார்சலே தேவல சுமதி."

யாழினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மாலை. எங்கள் சூப்பர்வைசர் குமரேசன் சார் என்னிடம் 'நிக்கிறியா?' என்று கேட்பதே இல்லை. என் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கும் எழுதப் போனார்.

"சார், இன்னிக்கு நான் நிக்கல."

"ஏம்மா? உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "துன்றதுக்காக எவனாச்சும் ஓ.டி.ய வுடுவானா? ஓ.டி. கேக்க ஆள் இல்லாம இல்ல, தெரிஞ்சுக்கோ. நாளைக்கும் இதே பாட்டு பாடினா லிஸ்ட்லருந்து பேரையே எடுத்துருவேன். அப்புறம் ஃபீஸு கட்டணும், அது இதுன்னு வந்து நிக்காத."

சும்மா மிரட்டல் இல்லை. எங்கள் லைனில் ஒருமுறை பெயர் போனால் போனதுதான். அவர் பின்னாலேயே ஓடி 'எழுதிக்குங்க சார்' என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. சொல்லாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஜங்ஷன் தாண்டியதும் கை தானாகப் போனை எடுத்து ஆப்பைத் திறந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திறக்கவில்லை! அந்த நேரம் பார்த்து செல்வத்தின் போன்.

"எங்க கீற?"

"பஸ்ல. வந்துட்டே இருக்கேன்."

"ரசம் வச்சிட்டேன். உப்பு போட்டனா இல்லயான்னு தெர்ல. நீயே வந்து பாத்துக்கோ. பாப்பாவும் நானும் துன்னாம குந்திக்கினுகீறோம்."

ரசத்தில் உப்பே இல்லை.

மறுநாளும் ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.