இரண்டாவது குழாய்

அனம் கையைப் பிடித்துப் பார்த்தால் நரம்பு தானாக வந்து நிற்கும் என்று வார்டில் சொல்வார்கள். சிராங்கூன் சாலையில் மசாலா அரைத்து விற்ற குடும்பத்தில் பிறந்தவர். பாதி வாழ்க்கையைக் குழந்தைகள் வார்டில் தாதியாகவே கழித்துவிட்டார். கைகாலை உதறி அழும் பிள்ளையிடமும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். அதனால்தான் நிமோனியா ஆய்வுக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கிருமி நுரையீரலில் இறங்கியதும் குழந்தையின் வெள்ளை அணுக்கள் எந்த மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன, எவற்றை அடக்கி வைக்கின்றன என்று ரத்தத்தில் பார்க்கும் ஆய்வு அது. மருத்துவமனையில் சேர்த்த அன்று ஒரு குழாய் ரத்தம். பிள்ளை தேறி ஒரு மாதம் கழித்து இன்னொரு குழாய். இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஆனால் தேறிய பிள்ளையை மறுபடி ஊசிக்கு யார் கூட்டி வருவார்கள்? ஆகவே அனம் எல்லாத் தாய்மாரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார்.

"ரெண்டாவது எடுக்கலைன்னா மொதல்ல எடுத்தது வீணாப் போயிடும் லா."

பாதி மெய், பாதி மிரட்டல். நன்றாகவே வேலை செய்தது.

கவிப்ரியாவிடமும் அதைத்தான் சொன்னார். அவள் மகள் ரக்‌ஷனாவுக்கு நான்கு வயது. ரத்தம் எடுக்கும்போது அழக்கூடத் தெம்பில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மருந்துகள் ஏற்றியும் உடம்பு தேறவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே குழந்தை இறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்து, குறித்துக் கொடுத்திருந்த நாளில், கவிப்ரியா ஜூரோங்கிலிருந்து ரயிலேறி வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயது மகன். அவனுடைய சட்டையின் முழுக்கையை முன்பே மடித்துவிட்டிருந்தாள்.

"இவன்கிட்ட எடுங்க அக்கா. கூடப் பொறந்தவன்தானே, ஒரே ரத்தம். பாப்பாவோடது வீணாப் போகக் கூடாது."

அனமுக்குத் தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போலிருந்தது. அவளை உட்காரவைத்து, தம்பியின் ரத்தம் ஈடாகாது என்றார். பாப்பாவுடையது உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது, வீணாகாது என்றும் சொன்னார். கவிப்ரியா விடவில்லை. அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னீர்களே, இரண்டாவது இல்லாமல் இப்போது எப்படிப் பயன்படும் என்று கேட்டாள்.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்தான். ஆனால் அப்படிச் சொன்ன பேச்சுதான் இவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"பொழைச்ச புள்ளைங்க ரத்தத்தையும் பொழைக்காத புள்ளைங்க ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்கம்மா," என்றார் அனம். "பொழைக்காதவங்களோடது ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. அதுக்கு ரெண்டாவது வேணாம்."

கவிப்ரியாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு மகனின் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானையும் போட்டாள்.

"அப்ப பாப்பாவோடது ஒண்ணே போதும்," என்றாள்.

அனம் ஆமாம் என்று தலையாட்ட வேண்டியிருந்தது.