காலியான எண்

படங்களைப் பெயரால் பதிவு செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பாம்பனில் வாடகை வீடியோ கேசட் கடை வைத்திருந்த எனக்கு அதில் பட்டது போதும். ஒரே பெயரில் இரண்டு படம் இருக்கும். ஒருவர் பழையதைக் கேட்பார், நான் புதியதைக் கொடுத்துவிடுவேன், மறுநாள் வந்து சண்டை பிடிப்பார். அதனால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் பட்டியலை ஏற்றியபோது ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்தேன். கேசட்டின் மேலும் அதே எண்.

இன்னொரு பட்டியலும் இருந்தது. எங்கள் தீவில் எடுத்த படங்கள், எத்தனையாவது நிமிடத்தில் நம்மூர் ஆட்கள் வருகிறார்கள், யார் யார் என்று. அது என் சொந்தக் கிறுக்கு. அதில் படத்தின் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். எண்ணைத் தட்டினால் முதல் பட்டியலிலிருந்து பெயரும் ஆண்டும் வந்துவிடும். ஒரே விவரத்தை எதற்கு இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடையில் கூட்டு என் மைத்துனன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வந்தவன். அந்தக் காலத்தில் படப்பிடிப்புக்கு வள்ளம் ஓட்டிய பெரியவர் ஒருவரை அவன்தான் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டி, அவர் சொன்னதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தான். நான் ஏற்றினேன். எண் 217. பாட்டுக் காட்சி. வள்ளத்தில் தலைத்துண்டோடு இந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பவர் இன்னார். பெரியவர் அடுத்த வருடமே இறந்துபோனார்.

சில வருடம் கழித்து, அந்தச் சிரிக்கிற ஆளின் மகள் வந்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனைக் கடலில் பறிகொடுத்தவள். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

"அய்யா ஏதோ படத்துல வந்தாகளாம்ணே. என்ன படம்னு யாருக்கும் தெரியல. நீங்க எழுதி வச்சிருக்கீகன்னு சொன்னாக."

பெருமையோடு 217ஐ எடுத்துக் கொடுத்து, எத்தனையாவது நிமிடம் என்றும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் முகமெல்லாம் மலர்ந்து வந்தாள்.

"பாத்துட்டேன்ணே. நீங்க சொன்ன நிமிசத்துக்கு ரொம்பத் தள்ளி வருது. முதுகைக் காட்டித்தான் நிக்காக. இருந்தாலும் அய்யாதான்."

என் குறிப்பில் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பவர் என்றல்லவா இருந்தது. அவள் போனதும் கேசட்டைப் போட்டேன். எங்கள் தீவில் எடுத்த படமே அல்ல. அந்த வள்ளமும் நம்மூர் வள்ளமில்லை. வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது தெரியாமலா போகும்? தெரிய வேண்டாம் என்று இருந்திருப்பாள்.

மைத்துனனைப் பிடித்தேன்.

"பழைய 217 பூஞ்சை பிடிச்சுப் போச்சு மச்சான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வந்த படத்துக்கு அந்த நம்பரைக் குடுத்தேன். வள்ளம் உடைஞ்சா புது வள்ளத்துக்கு அதே பேரைத்தானே வைக்கிறோம். நம்பரை எதுக்குச் சும்மா விடணும்?"

"கம்ப்யூட்டர்ல?"

"அங்கனயும் மாத்திட்டேன். பழைய பேரை அழிச்சுட்டுப் புதுப் பேரைப் போட்டேன். சரியாத்தான் செஞ்சேன்."

கத்தித் தீர்த்தேன். அவன் என்ன செய்வான்? ஒரு தடவை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருந்தேன். என் இரண்டாவது பட்டியலில் படத்தின் பெயரையும் ஒரு மூலையில் எழுதி வைத்திருந்தால் போதும். அந்த ஒரு சொல்லை மிச்சம் பிடித்த புத்திசாலி நான்தான்.

பழைய 217 என்ன படம் என்று எனக்கும் நினைவில்லை, அவனுக்கும் நினைவில்லை. "எத்தனையோ படத்துல வள்ளம் வருது மச்சான்" என்றான். கடையில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மதுரைக்குப் போய்த் தெரிந்த கடைகளில் வாங்கி வந்து பார்த்தேன். தலைத்துண்டோடு சிரிக்கிற அந்த ஆள் எதிலும் இல்லை. எரிச்சலில் அந்தப் பட்டியலைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்த வாரத்தில் அவளே வந்தாள். கூடவே அவளுடைய தம்பி. தகப்பன் போனபோது தாய் வயிற்றில் இருந்தவன். வாசலில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அந்தக் கேசட்டை இன்னொரு தடவை குடுங்கண்ணே. இவனும் பாக்கணும்கிறான்" என்றவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இவன் நிக்கிறதைப் பாருங்க. அப்பிடியே அய்யா நிக்கிற மாதிரிதான் இருக்கு."