ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்

நான் திருமலை. ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகத் திருவண்ணாமலையில் கடை போர்டு, பஸ் கண்ணாடி, மண்டப வாசல் என்று நான் ஒட்டாத இடம் கிடையாது. சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் இல்லாமல் ஏணியில் கால் வைத்ததில்லை. கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. சிந்துஜாவைப் பற்றிச் சொல்ல வந்தால் என் மானக்கேடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதனால் இப்போதே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சிந்துஜா கீழ்பென்னாத்தூர்ப் பெண். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேங்கிக்காலில் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறாள். காது குத்தல், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவளிடம் ஒரே மெஷினில்தான் வரும். என்னை அண்ணா என்பாள். நான் அம்மா போட்டுப் பேசுவேன். திட்டும்போதும் அம்மா போட்டுத்தான் திட்டுவேன்.

அவள் மகள் கவிநிலாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் கம்மி. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ரேவதி டீச்சர் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அது வேறொரு வாடகை வீட்டில் இருந்தது. பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று சிந்துஜா யானை, குரங்கு, ரயில் எல்லாம் அச்சடித்துத் தந்தாள். கடை போர்டுக்குப் போடுகிற அதே ஸ்டிக்கர். நான்தான் ஒட்டினேன். உடும்புப் பிடியாக ஒட்டியது. பிறகு வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று உரிக்கச் சொன்னார். யானையோடு பெயிண்ட் வந்தது, பெயிண்டோடு அதற்கடியில் பூசிய பட்டியும் பெயர்ந்து வந்தது. அந்த மாதமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

வேறு இடம் கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் பயிற்சி நின்றுபோய், பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்த கவிநிலா மறுபடி தவழப் போய்விட்டாள். சிந்துஜா அந்த நாலு மாதத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் அன்றிலிருந்து எந்த ஸ்டிக்கர் ரோல் வந்தாலும் எப்படி ஒட்டும் என்று கேட்பதில்லை. எப்படி உரியும் என்றுதான் கேட்பாள்.

இப்போது மையம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் இராமலிங்கம், ரிட்டயர் ஆனவர். வருடா வருடம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே நீளமாக ஒரு கூடம். ரேவதி டீச்சர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சும்மா நட நடன்னா பசங்க நடக்க மாட்டாங்க சிந்துஜா. போய்ச் சேர ஒரு எடம் வேணும்."

சிந்துஜா கிரிவலப் பாதையையே படமாகப் போட்டுவிட்டாள். எட்டு லிங்கம், நடுநடுவே டீக்கடை, குரங்குக் கூட்டம், சுண்டல் விற்கிற அம்மா, மேலே மலை. சுற்றும்போது மலை வலக்கைப் பக்கம் இருக்கவேண்டுமே! அதனால் படம் சுவரின் வலது முனையில் இந்திர லிங்கத்தில் தொடங்கி, இடது முனையில் ஈசானிய லிங்கத்தில் முடியும். வலக்கையால் சுவரைப் பிடித்தபடி ஒரு பிள்ளை நடந்து முடித்தால் அதற்கு ஒரு கிரிவலம் ஆகிவிடும்.

இராமலிங்கம் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் குரலை மாற்றினார்.

"ஒட்டுங்க. ஆனா பாஞ்சு நாள் கழிச்சு நானே வந்து என் கையால உரிச்சுப் பாப்பேன். ஒரு நகத்தளவு பெயிண்ட் வந்துதுன்னாலும் படமும் வேணாம், சென்டரும் வேணாம். காலி பண்ணிடுங்க."

சூடு கண்ட பூனை அல்லவா, சிந்துஜா நேராக அங்கே போய் ஒட்டவில்லை. தன் கடையின் மேற்குச் சுவருக்கு அதே பெயிண்டை அடித்து, ஒரு மாதம் காயவிட்டாள். அப்புறம் மூன்று விதமான ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னாள். ஒன்று பிளாஸ்டிக், ஒன்று காகிதம், ஒன்று துணி மாதிரி. மூன்றுமே உரித்தால் வந்துவிடும் என்று சொல்லி விற்கிற சரக்குதான். பங்குனி வெயில் சாயங்காலம் வரை அந்தச் சுவரில் நின்று காயும்.

"வெயில்ல வெந்தப்புறம் எது ஒழுங்கா உரியுதோ, அதுதாண்ணா" என்றாள்.

பத்தாம் நாள் உரித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் பசையைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தது. காகிதம் நார் நாராகக் கிழிந்தது. துணி மட்டும் கீழிருந்து பாதி வரை அழகாக உரிந்து வந்தது, சுவரில் ஒரு பொட்டு இல்லை. உரித்த பாதியைத் திரும்ப அமுக்கி விட்டாள். ஆனால் ஒரு கேடு. மூன்றிலுமே வலது மேல் மூலை தானாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய மூலையைப் பார்த்தால் எந்தப் பிள்ளை சும்மா விடும்? ஒரே நாளில் மலையையே இழுத்துக் கீழே போட்டுவிடும்.

வேறு கம்பெனித் துணி வாங்கினாள். அதே மூலை. சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னாள். அதே மூலை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"யம்மா, இதெல்லாம் சரக்கே இல்ல. செவுரும் கோணல். பேசாம பழைய ஸ்டிக்கரே போட்டுடலாம். கெட்டியா நிக்கும்."

"நிக்கும்ணா. உரிக்கும்போது?"

"அத அப்ப பாத்துக்கலாம்."

அவள் பழைய ரோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளும் மனசு விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து போய், கடைசியாக ஒட்டிய துணியைத் தூக்கிய மூலையிலிருந்து மெதுவாக உரித்தாள். பசைப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"திருமலைணா, இங்க வாங்க."

பார்த்தேன். மூலையில் வெள்ளையாக மூன்று கோடு. விரல் தடம் முதற்கொண்டு அப்படியே ஒட்டியிருந்தது.

ஐயோ, சிவனே! அது என் விரல். எதை ஒட்டும் முன்னும் அந்த இடத்தின் வலது மேல் மூலையில் மூன்று விரலால் திருநீறு இடுவது என் பழக்கம். பல் விளக்குவது மாதிரி, கை பாட்டுக்குச் செய்யும். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பொடி யார் கண்ணுக்குத் தெரியும்? போர்டு ஸ்டிக்கரின் முரட்டுப் பசை அதையும் விழுங்கிக்கொண்டு ஒட்டிவிடும். இந்த மென்மையான பசைக்குப் பொடிமேல் பிடிமானம் இல்லை. அவள் துடைத்துத் துடைத்துக் கொடுத்த சுவரில், ஒவ்வொரு தடவையும் நானே பொடி பூசியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதை எனக்கென்றே சொன்னது போல ஆகிவிட்டது.

திட்டுவாள் என்று நின்றேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாமியே வந்து தூக்கி வுட்டிருக்காருணா! இனிமே நெத்தியோட நிறுத்திக்குங்க."

அடுத்த வாரம் மையத்தில் துணி ஸ்டிக்கரை ஒட்டினோம். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பொட்டலத்தை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த வேலை முடியும் வரை கை துறுதுறுவென்றே இருந்தது.

பதினைந்தாம் நாள் இராமலிங்கம் மூக்குக் கண்ணாடியோடு வந்தார். ஒரு மூலைகூடத் தூக்கவில்லை. இந்திர லிங்கம் இருந்த முதல் துண்டை நகத்தால் நெம்பி, அவரே உரித்தார். சிந்துஜா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சரசரவென்று மெல்லிய சத்தத்தோடு முழுத் துண்டும் அவர் கைக்கு வந்தது. சுவரைத் தடவினார். குனிந்து பார்த்தார். மறுபடி தடவினார். தீபத்துக்கு அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது.

அவர் வாய் திறக்கும் முன் கவிநிலா தவழ்ந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்தாள்.

"தாத்தா, அத ஏன் பிச்சீங்க? நான் எங்கேர்ந்து கெளம்பறது? ஒட்டுங்க."

அவர் கையில் லிங்கத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். "ஏம்பா, இது திரும்ப ஒட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் பத்து தடவ ஒட்டும் சார். கை மட்டும் சுத்தமா இருக்கணும்" என்றேன். சிந்துஜா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். இரண்டு பேருமாக ஒட்டினோம். கவிநிலா சுவரைப் பிடித்து எழுந்தாள். வலக்கை சுவரில், கால் இழுத்து இழுத்து, அக்கினி, எமன், நிருதி தாண்டினாள். டீக்கடையில் நின்று மூச்சு வாங்கினாள். வருணன், வாயு, குபேரன். அதுவரை அவள் நாலாவது லிங்கத்தைத் தாண்டியதில்லை. ரேவதி டீச்சர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார், தொடவில்லை. ஈசானிய லிங்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். திரும்பி, "அம்மா, வந்துட்டேன்" என்றாள்.

சிந்துஜா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அந்த நாலு மாசம்ணா..." என்றாள்.

"வந்து சேந்துடுச்சும்மா" என்றேன்.